மூச்சு மீட்டர்

செவ்வாயில் விடுதலைப் போர் தொடங்கியதிலிருந்து, எந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் பார்ப்பது சுவரிலிருக்கும் மூச்சு மீட்டரைத்தான். உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். செண்பகவல்லியின் கணவன் மாசிலாமணி பூமியை எதிர்க்கும் குடியேற்ற அரசுக்காகப் போர்முனையில் இருந்தான். வீட்டில் அவள் மட்டும்தான் என்பது ஊருக்கே தெரியும். பூமிப் படையிலிருந்து ஓடிவந்த தம்பி வழுதியை அவள் ஒளித்து வைத்திருப்பதுதான் தெரியாது. கதவு தட்டப்பட்டால் அவன் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, காற்றுப் புகாத மூடியை இழுத்து மூடிக்கொள்வான். உள்ளிருக்கும் காற்று கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

அன்று வந்தவள் வார்டு அதிகாரி திரிபுரா. மீட்டர் ஒன்று என்று காட்டியது. அவள் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனச தேத்திக்குங்கக்கா. பனிச்சுரங்கச் சண்டையில அண்ணன் போயிட்டாரு."

சாவுச் செய்தி கொண்டுவந்தவர், வீட்டார் அழுது ஓயும்வரை கூட இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். செண்பகவல்லி வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு அழுகை வரல. நீங்க கிளம்புங்க."

"அடக்காதீங்கக்கா, நெஞ்சடைச்சிரும். நான் எங்கயும் போகல" என்று திரிபுரா சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

செண்பகவல்லி தொட்டிப் பக்கம் பார்க்காமலிருக்கப் படாதபாடு பட்டாள். கடைசியில், "எந்திரிச்சுப் போடி!" என்று அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"கட்டினவன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இவளெல்லாம் பொம்பளையா?" என்று திட்டிக்கொண்டே போனாள் திரிபுரா.

செண்பகவல்லி கதவைத் தாழிட்டுவிட்டு ஓடிப்போய் மூடியைத் திறந்தாள்.

"போயிட்டாடா வழுதி, வெளிய வா."

மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அது இன்னும் ஒன்று என்றே காட்டியது.