இத்தா இருக்காத சுபைறா

"புருசன் கடலோட போய் நாப்பது நாளாகுது. இவ சிவப்புச் சாரி உடுத்துச் சந்தைக்குப் போறா!"

அகதி முகாமில் பக்கத்துக் கூடாரத்துச் சபியா உம்மா சொன்னது சுபைறாவின் காதில் விழவேண்டும் என்றுதான். விழுந்தது.

சுனாமி அடித்த காலையில் சுபைறாவின் புருசன் மசூர் தோணியில் இருந்தான். கரையொதுங்கிய உடல்களுக்குள் அவன் மையித்து இல்லை. சாய்ந்தமருதில் புருசனைப் பறிகொடுத்த அத்தனை பேரும் வெள்ளை உடுத்து, வெளியே இறங்காமல், நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார்கள். இவள் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

பள்ளிவாசல் பெரியவர்களே வந்து கதைத்தார்கள்.

"அவர் வருவார்" என்றாள்.

"ஓம், என்ட மகன் வருவான்" என்றாள் அவளோடு ஒரே கூடாரத்தில் இருந்த மாமியார் றுகையா.

"மாமிக்கும் மருமகளுக்கும் ஒரே பைத்தியம்" என்று ஊர் சிரித்தது.

கூடாரம் போய்க் கல்வீடு வந்தது. நாட்டில் சண்டையும் முடிந்தது. அந்த வருசம், ஒரு காலையில் ஒரு தோணி கரையேறியது.

மசூர்!

ஒரு முடி நரைக்கவில்லை. தோணிக்குள் கீரிமீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

"பெரிய அலையொண்டு தூக்கிச்சு. உள்ளுக்க ஒரே வெளிச்சம். வெளிய வந்தா கரை. ஒரு மணித்தியாலமும் ஆகல்ல" என்றான்.

எங்களுக்கு நாலரை வருசம்.

"எங்க நம்மட தென்னைகள்? மூலையில இருந்த தேத்தண்ணிக் கடை எங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்கக் கேட்கத்தான் இல்லாமல் போனதெல்லாம் எங்கள் கண்ணுக்குள் வந்து நின்றது.

வீடு நிறைய ஆட்கள். சபியா உம்மா சுபைறாவின் கையைப் பிடித்து அழுதாள்.

"என்ன மன்னிச்சிரு புள்ள. உன்ட நம்பிக்கதான் அவனக் கொண்டு வந்திரிக்கி."

சுபைறா அவளைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் மாமியார் குந்தியிருந்து மகன் கொண்டுவந்த மீனைக் கழுவிக்கொண்டிருந்ததை இருவரும் காணவில்லை.

"அப்பிடிச் சொல்லாதீங்க. நான் ஒரு நாளும் நம்பல்ல. அந்தத் தோணிய அலை விழுங்கினத என்ட கண்ணால கண்டன். நான் வெள்ள உடுத்தா மாமிட உசிரு அண்டைக்கே போயிரும். அதுக்குத்தான் இத்தா இருக்கல்ல. ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாட்ட அழுது மாப்புக் கேட்டன்."

றுகையா மீன்கையோடு எழுந்து வந்தாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடி மகளே! நான் அவன் போயிட்டானெண்டு களவாக் கத்தம் ஓதியே நாலு வருசம். நீ தாங்கமாட்டாய் எண்டுதான் வருவான் வருவான் எண்டு சொல்லிக்கிட்டிருந்தன்."