வாசலில் வெள்ளைச் சுங்கான்

மூன்று நாளாக அடித்த காற்று அடங்கியதும் தீவிலிருந்து படகில் திரும்பிய கோல்மன், வீட்டு வேலியோரத்திலேயே நின்றுவிட்டான். புகையிலை வாசனை! அம்மா செத்த அன்றும் முற்றத்தில் இதே வாசனைதான்.

அந்தி மங்கலில் சுவரோரம் ஆண்கள் வெள்ளைக் களிமண் சுங்கானில் புகைபிடித்துக்கொண்டிருந்தார்கள். கானமாராக் கடற்கரை ஊர்களில் சாவு வீட்டில் மட்டும்தான் அதைக் கொடுப்பார்கள்.

அவன் கிளம்பும்போதே அப்பா விடாமல் இருமிக்கொண்டிருந்தார். கோல்மன் வாசலுக்கு ஓடினான்.

வாசலில் சுங்கான் தட்டோடு நின்றவர் வேற்றூர்க்காரர்.

"ஐயா, கிழவர் எப்பப் போனாரு?"

"முதல்ல ஒரு இழுப்பு இழு தம்பி. 'ஆண்டவரே, இந்த ஆத்துமாவுக்கு இரங்கும்'னு சொல்லு. அதுதான் முறை. அப்புறம் பேசலாம்."

கோல்மன் இழுத்தான். அழுதுகொண்டே அந்த ஜெபத்தையும் சொன்னான்.

"கிழவர் உள்ளதான் இருக்காரு," என்றார் வேற்றூர்க்காரர். " போனது அவர் மகன். படகோட கடல் கொண்டுபோயிடுச்சாம்."

கதவு திறந்தது. முதலில் இருமல் வந்தது, பின்னால் அப்பா வந்தார். அவனைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! உன் சாவுக்கு வாங்கின புகையிலைடா அது. நீயே பிடிச்சா எப்படி?"