தட்டாத கை

வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது. இந்த அறையில் மட்டும் நீலத் திரையை இழுத்துவிட்டு, கதவுத் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். பெரிய டாக்டரே ஆனாலும் வராந்தாவுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் இந்த இளம் தாயால் விட முடியாத போதை மாத்திரை, பிறந்த பிறகும் பிள்ளையை விடவில்லை. சின்னச் சத்தத்துக்கும் கைகால் உதறுகிறான். காலையில் அவள் எல்லா அம்மாக்களையும் போலத் தட்டிக்கொண்டே ஆட்டி, ஆட்டிக்கொண்டே பாட, முகம் சிவந்து கத்தித் தீர்த்தான். "என்னைப் பிடிக்கலையாக்கா?" என்று நர்ஸிடம் கேட்டாள். "பிடிக்காம என்ன? எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்தா அவனுக்குத் தாங்காதும்மா. கையை மட்டும் வை, தட்டாதே." இப்போது நர்ஸ் அவன் குதிகாலை வெந்நீர்த் துணியால் சூடாக்கி, ரத்தம் எடுக்க ஊசியால் குத்துகிறாள். வீல் என்று அழுகை கிளம்புகிறது. அம்மாவின் ஒரு கை அவன் தலையைத் தாங்கியிருக்கிறது; அவன் மார்பில் வைத்த மறு கைக்குக் கீழே சின்ன இதயம் படபடக்கிறது. தட்டிக்கொடுக்க விரல்கள் துடிக்கின்றன. அவள் தட்டவில்லை. அழுகை தேம்பலாகிறது, தேம்பல் பெருமூச்சாகிறது. "நேத்து இதே குத்துக்கு எங்க மூணு பேரையும் ஒரு வழி பண்ணிட்டான் உன் மகன்," என்று நர்ஸ் கிசுகிசுக்கிறாள். அம்மாவின் கன்னத்தில் வழிந்த கண்ணீர் தாடை நுனியில் வந்து நிற்கிறது. துடைக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். அப்படியே விட்டால் அவன் நெற்றியில் விழும். முகத்தை மட்டும் மெல்லத் திருப்பி, அதைத் தன் தோளில் விழ விடுகிறாள்.