இடுப்புக்குப் போன கை

குத்தகை நிலத்தில் பயிர் வைக்கும் அய்யனாருக்கு நேற்றுவரை ஒரு விஷயம் விளங்கவே இல்லை. கிணற்று மோட்டாரை நிலத்துக்காரர்தான் பழுது பார்த்துத் தரவேண்டும் என்று வீட்டில் உறுதியாகச் சொல்வான். அவரிடம் பேசும்போது மட்டும், "சரிங்க, நானே பாத்துக்கறேங்க" என்று முடித்துவிடுவான். இந்த முறையும் அப்படி முடித்தால் மக்காச்சோளம் காய்ந்துவிடும்.

காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை பேன்ட்டுக்குள் விட்டு, பெல்ட்டை இறுக்கினான்.

"இன்னா மாமா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள் மனைவி ரம்யா.

"நிலத்துக்காரர்கிட்ட பேசணும்."

"மெட்ராஸுக்கா? அப்ப சீக்கிரம் கெளம்பு, பஸ்ஸு பூடும்."

அய்யனார் வாசலில் நின்றபடியே செல்போனை எடுத்து அவரை அழைத்தான்.

"போன்ல பேசறதுக்கா இத்தினி சோக்கு?" ரம்யா சிரித்தாள்.

"சொல்லு அய்யனாரு" என்றது அதிகாரமான குரல். அவன் கை வழக்கம்போல் இடுப்புக்குப் போனது. பெல்ட்டில் முட்டி அங்கேயே நின்றது.

"மோட்டாரு உங்களுதுங்க. நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

எதிர்முனையிலிருந்து பதில் வந்தது. "சரி, மெக்கானிக்க என்கிட்ட பேசச் சொல்லு."

ரம்யா வியந்து போனாள். "இத்தினி நாளா இந்தக் கொரல எங்க மாமா வெச்சிருந்த?"

"அவரு பேசுனாலே, மடிச்சுக் கட்டுன லுங்கிய கை தானா எறக்கி வுட்டுடும். அதோட என் கொரலும் எறங்கிடும். பேன்ட்டுல எறக்கி வுட ஒண்ணுமில்ல."