மிச்சம் ஒரு தலை

“ஏட்டி, எல்லாரையும் ‘உள்ள வாங்க’ன்னு எதுக்குக் கூப்பிட்ட?”

“வளையல் போட வாரவ தனியாவா வருவா? அக்கா தங்கச்சி நாலு பேரு...”

“வாங்குனது ஒருத்தி! எண்ணுனது அஞ்சு தலை!”

“அப்ப வாயில துணிய வச்சுக்கிட்டு உக்காரவா?”

செண்பகம் வாசல் நிலைக்கு மேலே இருந்த கேமராக் கண்ணை முறைத்தாள். இப்போதெல்லாம் கடை வாடகையும் வரியும் அது எண்ணுகிற தலைக்குத்தான். அந்த மாதத்துக்கு முன்பணம் கட்டிய தலைகளுக்கு மேல் ஒருவர் நுழைந்தாலும் ஷட்டர் தானாக இறங்கிவிடும். மறுநாள் கடை வேறொருவருக்கு. எதிர்த்த பாத்திரக்கடை போன வாரம் அப்படித்தான் போயிற்று, ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கண் இரண்டாக எண்ணியதில்.

“இன்னும் ஒரு தலைதான் மிச்சம். மாசம் பொறக்க எட்டு நாள் கெடக்கு. வாயத் தொறந்துராத,” என்றார் அவள் கணவர் வேலாயுதம்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தென்காசியில் வாழ்க்கைப்பட்ட மகள் இசக்கி, ஏழு மாத வயிற்றோடு இறங்கினாள். நாளை வளைகாப்பு. முதல் வளையலை அப்பா கையால், தான் தவழ்ந்த கடையில்தான் போட்டுக்கொள்வேன் என்று போன மாதமே சொல்லியிருந்தாள்.

செண்பகத்துக்கு ‘உள்ள வாம்மா’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலாயுதம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில், வெயிலில் போட்டார்.

இசக்கி உட்காரவில்லை. முக்காலியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“எப்பா, நம்ம கடைக்குள்ள எனக்கு எடமில்லையா?”