யார் போனால் நஷ்டம் குறைவு?

“அன்னைக்கு என் பேரை எழுதினவங்களைப் பார்த்து ஒரு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்,” என்றார் சீனியர், டீயை ஆற்றிக்கொண்டே.

கம்பெனி கேன்டீனில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அவர் பெயரை எழுதியவளே அவள்தான்.

ஆறு மாதத்துக்கு முந்தைய கதை இது. ஐயாயிரம் பேர் வேலை பார்க்கும் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில், டீமுக்கு ஒருவரைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. யாரைக் குறைப்பது என்கிற பாவத்தை மேலிடம் தன் தலையில் ஏற்றிக்கொள்ளுமா? டீமில் இருந்த ஐந்து பேருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் வந்தது. ‘யார் போனால் டீமுக்கு நஷ்டம் குறைவு?’ ஒரே ஒரு பெயர் எழுத வேண்டும். எழுதியது யார் என்று வெளியே தெரியாது. அதிக ஓட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போகலாம். நம் கையாலேயே நம் கண்ணைக் குத்த வைக்கும் வித்தை பெரிய கம்பெனிகளுக்குத்தான் வரும்.

அப்போது அவள் கணவன் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, இரண்டாவது ஆபரேஷனுக்குக் காத்திருந்தான். செலவு முழுவதும் அவளுடைய கம்பெனி இன்சூரன்ஸில். மூன்று மாதம் அவள் பாதி நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அவள் டெஸ்ட் பண்ண வேண்டியதை எல்லாம் மற்ற நாலு பேரும் முகம் சுளிக்காமல் பங்கு போட்டுப் பார்த்தார்கள். அந்த நன்றி அவளுக்கு நிறையவே இருந்தது. ஆனால் ஓட்டு என்று வந்தால் தன் பெயர்தான் விழும் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஒரு ஓட்டாவது வேறு பக்கம் போகட்டும் என்று, பிள்ளைகள் இரண்டு பேரும் சம்பாதிக்கும் சீனியர் பெயரை எழுதிவிட்டாள்.

மறுவாரம் சீனியர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அவள் தப்பித்தாள். கணவனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடியோடு நடக்கிறான்; இன்னும் நாலு மாதம் பிசியோதெரபி பாக்கி. அவன் ஒவ்வொரு படியாக ஏறும்போதெல்லாம் அவள் மனசுக்குள் சீனியரைக் கும்பிட்டாள். அவருக்கு ஒரு போன் செய்யத்தான் துணிச்சல் வரவில்லை.

இன்றைக்கு அவரே தேடி வந்துவிட்டார். அதுவும் எந்த நாளில்? இன்னும் ஒருவரைக் குறைக்க அந்தப் பாழாய்ப்போன படிவம் காலையில்தான் மறுபடி வந்திருந்தது. இந்தத் தடவை அவள் யோசிக்கவே இல்லை. இன்சூரன்ஸ் போனால் போகட்டும், இன்னொரு பாவம் வேண்டாம் என்று தன் பெயரையே எழுதி அனுப்பிவிட்டுத்தான் கேன்டீனுக்கு இறங்கி வந்திருந்தாள்.

சீனியரோ உற்சாகமாக இருந்தார். இருபது வருடம் ஊழியர் அட்டை தொங்கிய கழுத்தில் இன்று விசிட்டர் அட்டை. முதல் இரண்டு மாதம் போன இடமெல்லாம் ஐம்பத்திரண்டு வயதா என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்களாம். மூன்றாவது மாதம், கிளினிக்குகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் சின்ன ஆபீஸ் ஒன்று கிடைத்ததாம். மொத்தமே இருபது பேர். முதலாளியே டீ போட்டுக் கொடுக்கிறாராம். ஆறு மணிக்கு வீடு, ஒன்பது மணிக்குத் தூக்கம். பிரஷர் மாத்திரையைக்கூட டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டாராம்.

“நானா எழுந்து போயிருப்பேனா? சூடு ஏறின நாற்காலியாச்சே. யாரோ தள்ளிவிட்டாங்க. நல்லா இருக்கட்டும்.”

கேட்கக் கேட்க அவளுக்கு, இதற்கு மேல் மறைத்தால் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

“அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“இரு, நான் முடிச்சுடறேன். போற அன்னைக்கு மேனேஜர் கணக்கு சொன்னாரு. எனக்கு ரெண்டு ஓட்டு. மத்த மூணு பேருக்கு ஆளுக்கு ஒண்ணு. உனக்கு ஒண்ணுகூட விழல.”

அவள் நம்பாமல் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே விழவில்லையா?

“எப்படிம்மா விழும்? படிவம் வந்த அன்னைக்கு, நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே நாங்க நாலு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம். அவங்கவங்க பேரை அவங்கவங்களே எழுதிடறது. அஞ்சாவதா நீ யாரை எழுதறியோ, அவங்க சத்தமில்லாம போயிடறது. உன்கிட்ட மட்டும் சொல்லல. சொன்னா நீயும் உன் பேரையே எழுதிடுவியோன்னு பயம்.”

அப்படியென்றால் சீனியருக்கு விழுந்த இரண்டாவது ஓட்டு யாருடையது என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். அவள் தலை தானாகக் குனிந்தது; டீ கிளாஸுக்குள் கண்ணீர் விழுந்தது.

சீனியர் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“எங்க ஆபீஸ்ல டெஸ்டிங்குக்கு ஒரு ஆள் வேணும். சேர்ந்த நாள்லேருந்தே வீட்டுக்காரருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் உண்டு. யார் வந்தா நமக்கு லாபம், ஒரு பேர் எழுதிக் கொடுங்கன்னாரு முதலாளி. நீ என் பேரை எழுதினல்ல? நான் உன் பேரை எழுதிக் கொடுத்துட்டேன்.”