எட்டாவது கனகமாறன்

கூடத்துச் சுவரில் ஏழு அரசர்களின் படங்கள். நாடு பிடித்த கனகமாறன், ஏரி வெட்டிய கனகமாறன், மதயானையை அடக்கிய கனகமாறன் என்று ஏழு பேருக்கும் ஒரே பெயர். ஒருவரும் முப்பது வயதைத் தாண்டவில்லை. ஏழாவது படத்தில் வண்ண வாசனைகூட இன்னும் போகவில்லை. அவர் ராணி செங்கமலத்தின் கணவர்.

"காதுல பேரைச் சொல்லுங்க தாயே, நேரமாகுது" என்றார் திவான் வேலப்பர். பெயரிட்டவுடன் குழந்தைக்கு முதல் பால் புகட்டுவதும், பிறகு ஆயுள் முழுக்க அரசருக்குப் பால் கொடுப்பதும் அவர் வம்சத்தின் உரிமை. அந்த வம்சத்தில் யாரும் தலை நரைக்காமல் செத்ததில்லை.

மடியில் கிடந்த குழந்தையைச் செங்கமலம் இறுக்கிக்கொண்டாள். "வேற பேரு வைக்கலாமா?"

"கனகமாறன்னாதான் ஜனங்க கும்பிடுவாங்க. ஆயுசு ஆண்டவன் கையில."

அவள் திவானின் கையைப் பார்த்தாள். இளஞ்சூடான பாலோடு வெள்ளிக் கிண்ணம் தயாராக இருந்தது.

குழந்தையின் காதில் மூன்று முறை 'கனகமாறன்' என்றாள். குலவை எழுந்தது. திவான் கிண்ணத்தை நீட்டினார்.

"முதல் வாய் நீங்க குடிங்க."

"அது வழக்கமில்லீங்களே, தாயே."

"பேரைத்தானே மாத்தக் கூடாதுன்னீங்க? வழக்கத்தை மாத்தலாமில்ல?"

குலவை அடங்கியது. எல்லோரும் திவானையே பார்த்தார்கள். கிண்ணத்துப் பாலில் மெல்ல ஆடை படியத் தொடங்கியது.